சட்டைப் பையில் ஆறு முட்டை

ஐஸ் ஹாக்கி மைதானத்துக்கு உண்மையில் மூலை கிடையாது. நான்கு பக்கமும் வளைத்துத்தான் பலகைத் தடுப்பு கட்டியிருப்பார்கள். ஆனாலும் அந்த வளைவுகளை மூலை என்றுதான் சொல்வார்கள். 'பக்' என்கிற அந்த ரப்பர் வட்டு (நம்ம ஊர் ஹாக்கி மாதிரி பந்து இல்லை) அங்கே போய் மாட்டிக்கொண்டால் அதை எடுக்க ஒருவர் போகவேண்டும். போகிறவர் மீது எதிரணிக்காரர் தன் மொத்த எடையோடு வந்து மோதுவார். இது விதிமீறல் அல்ல, ஆட்டமே இதுதான். வட அமெரிக்காவில் ஒரு ஆட்டக்காரரின் தைரியத்தை அளக்க இந்த மூலையைத்தான் பல காலம் அளவுகோலாக வைத்திருந்தார்கள்.

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் முதலாளி ஹெரால்ட் பல்லார்ட், 1970-களில் தன் அணியிலேயே ஆடிய ஒருவரைப் பற்றி ஒரு கிண்டல் அடித்தார். அவர் பையில் ஆறு முட்டையை வைத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டு வந்தாலும் ஒன்றுகூட உடையாதாம்!

அவ்வளவுதான். பத்திரிகைக்காரர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த ஆட்டக்காரரின் பெயரை எங்கே தேடினாலும் அடித்த கோலுக்கு முன்னால் இந்த முட்டைதான் வந்து நிற்கிறது.

அவர் பெயர் இங்கே ஹம்மர்ஸ்ட்ரோம். (ஆமாம், 'இங்கே'தான். ஸ்வீடனில் ஆண்களுக்கு வைக்கிற பெயர். தமிழில் எழுதும்போது "இங்கே எங்கே போனார்?" என்றெல்லாம் குழம்பும் என்பதால் இனி ஹம்மர்ஸ்ட்ரோம் என்றே வைத்துக்கொள்வோம்.)

1948-ல் ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் நகரில் பிறந்தவர். யாவ்லெ என்ற ஊரின் ப்ரினேஸ் அணிக்கு ஆடினார். அப்போது ஸ்வீடனில் ப்ரினேஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1971, 1972 இரண்டு வருஷமும் அவர்கள்தான் தேசிய சாம்பியன். பனிச்சறுக்கில் அபார வேகம், மென்மையான கை. எங்கே இடைவெளி கிடைக்கும் என்று பார்த்து அந்த இடத்துக்கு முன்னதாகவே போய் நிற்கிற புத்தி. ஸ்வீடனில் இதைத்தான் நல்ல ஹாக்கி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மைதானமும் அங்கே சுமார் நான்கு மீட்டர் அகலம் அதிகம். ஓடி விளையாட இடம் இருக்கும்போது எதற்கு இடித்து விளையாட வேண்டும்?

அவர் கனடாவுக்குப் போன கதை தனி சுவாரஸ்யம். டொராண்டோ அணிக்கு ஜெர்ரி மெக்நமாரா என்று ஒரு ஸ்கவுட் இருந்தார். ஸ்கவுட் என்றால் பள்ளிக்கூடத்தில் காக்கி டவுசரும் கழுத்தில் ஸ்கார்ஃபுமாக முடிச்சுப் போடப் பழகும் ஸ்கவுட் இல்லை. ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்த்து, யாரை அணியில் எடுக்கலாம் என்று எழுதி அனுப்புகிறவர். இந்த மெக்நமாராவும் முன்னாள் ஆட்டக்காரர்தான். கோல்கீப்பர். என்.எச்.எல். என்கிற பெரிய லீகில் மொத்தமே 7 ஆட்டம் ஆடியவர்.

1972 கடைசியில் அவர் ஸ்வீடன் போனது குர்ட் லார்சன் என்ற கோல்கீப்பரைப் பார்க்க. போனால் லார்சனுக்குக் காயம், ஆடவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று, கனடாவிலிருந்து சுற்றுப்பயணம் வந்திருந்த பேரி ஃப்ளையர்ஸ் அணியோடு ப்ரினேஸ் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் போனார். அங்கே ஹம்மர்ஸ்ட்ரோம் கோல் மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதே அணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் கனடாக்காரர்களின் முரட்டு ஆட்டத்துக்குச் சற்றும் பின்வாங்காமல் பதில் கொடுத்து, கடைசியில் நடுவரிடமே வம்பு வளர்த்து வெளியேற்றப்பட்டார். மெக்நமாரா எழுந்து நேராக உடை மாற்றும் அறைக்குப் போய், வெளியேற்றப்பட்டவரிடம் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். அந்த முரடர்தான் பொர்யே சால்மிங்.

ஆக கோல்கீப்பர் தேடிப் போனவர், கோல் அடிப்பவர் ஒருவரையும் கோல் தடுப்பவர் ஒருவரையும் கண்டுபிடித்துவிட்டு ஊர் திரும்பினார். 1973 மே மாதம் இருவரும் டொராண்டோவுடன் ஒப்பந்தம் போட்டார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. அந்த ஒப்பந்தம் நடந்தபோது முதலாளி பல்லார்ட் எங்கே இருந்தார் தெரியுமா? ஜெயிலில்! மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்பது அணியின் மைதானத்தை நடத்திய கம்பெனி. அதன் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டதாக மோசடி, திருட்டு என்று நாற்பத்துச் சொச்சம் குற்றச்சாட்டுகள். 1972-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மூன்று வருஷத் தண்டனை கிடைத்து, ஒரு வருஷத்தில் பரோலில் வந்துவிட்டார். கம்பெனிச் சட்டப் பாடப்புத்தகத்தில் உதாரணமாகப் போடலாம், அவ்வளவு பொருத்தமான ஆசாமி. அடுத்தவர் தைரியத்தை அளந்து மார்க் போட்டவர் இவர்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1973 அக்டோபரில் இருவரும் டொராண்டோ சட்டையில் இறங்கினார்கள். இவர்கள்தான் முதல் ஐரோப்பியர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1965-லேயே உல்ஃப் ஸ்டெர்னர் நியூயார்க் அணிக்காக 4 ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். டாம்மி பெர்க்மன் முந்தின வருஷம் டெட்ராய்டில் ஆடினார். ஆனாலும் அந்தக் காலத்து என்.எச்.எல்.லில் கிட்டத்தட்ட எல்லாருமே கனடாக்காரர்கள். வெளியாள் வந்து தங்கள் வேலையைப் பிடுங்குகிறான் என்ற எரிச்சல் அவர்களுக்கு. 'கோழை ஸ்வீடன்காரன்' என்பது மைதானத்திலும் பார்வையாளர் வரிசையிலும் சாதாரணமாக விழுந்த வசவு.

இதில் மிக மோசமாக நடந்துகொண்டது ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ். அடிதடியையே ஆட்டத் திட்டமாக வைத்திருந்த அணி. 'பிராட் ஸ்ட்ரீட் ரவுடிகள்' என்பது அவர்களுக்குப் பட்டப்பெயர், அதை அவர்கள் பெருமையாகவே சுமந்தார்கள். அப்படி ஆடியே 1974, 1975 இரண்டு வருஷமும் ஸ்டான்லி கோப்பையை வாங்கினார்கள் என்பதுதான் கொடுமை. ஜெயித்துவிட்டால் ரவுடித்தனத்துக்கும் 'வியூகம்' என்று பெயர் வந்துவிடுகிறதே! சால்மிங்கும் ஹம்மர்ஸ்ட்ரோமும் என்.எச்.எல்.லில் ஆடிய இரண்டாவது ஆட்டமே இவர்களோடுதான். சால்மிங்கைக் குறிவைத்து அடித்தார்கள். அவர் திருப்பி அடித்தார்.

இரண்டு பேரின் பாதையும் பிரிந்தது இங்கேதான். சால்மிங் உடம்பைக் குறுக்கே போட்டுப் பக்கைத் தடுப்பவர், முகத்தில் தையல் மேல் தையல் போட்டுக்கொண்டு மறுநாள் ஆடுபவர். ஒரே வருஷத்தில் டொராண்டோ அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. 16 வருஷம் அங்கே ஆடினார். 1996-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். நரம்பு நோயால் அவர் 2022 நவம்பரில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, பேச்சே போய்விட்ட நிலையிலும் டொராண்டோ மைதானத்துக்கு வந்து நின்றார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

ஹம்மர்ஸ்ட்ரோமுக்கு முட்டை.

சரி, அப்படி என்னதான் மோசமாக ஆடினார் என்று பார்த்தால், டொராண்டோவில் முழுசாக ஆடிய நான்கு வருஷத்தில் அவர் அடித்த கோல்கள் 20, 21, 19, 24. மூலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தா அடித்தார்? என்.எச்.எல்.லில் மொத்தம் 427 ஆட்டம், 116 கோல். மற்றவர் கோல் அடிக்க உதவியதாகக் கணக்கில் வருவது இன்னும் 123. விதிமீறலுக்காக வெளியே உட்கார்த்தப்படும் நிமிடங்களையும் கணக்கு வைப்பார்கள். ஹம்மர்ஸ்ட்ரோமுக்கு ஆறு வருஷத்துக்கும் சேர்த்து நூறு நிமிடம்கூட வராது. ஃபிலடெல்ஃபியாவின் டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 என்ற ஒரே சீசனில் வாங்கியது 472 நிமிடம். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. இதில் எது நல்ல கணக்கு, எது கெட்ட கணக்கு என்பது யார் ஆடிட்டர் என்பதைப் பொறுத்தது. அந்தக் காலத்தில் ஷுல்ட்ஸின் கணக்குக்குத்தான் மரியாதை.

1977-ல் சீசன் ஆரம்பித்து மூன்றே ஆட்டம் ஆடியிருந்தார். செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணிக்கு அவரைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஜெர்ரி பட்லர் என்பவரை டொராண்டோ வாங்கிக்கொண்டது. செயின்ட் லூயிஸில் இரண்டு வருஷம். பிறகு 1979-ல் மூட்டை கட்டி ஊருக்கே திரும்பி, மறுபடி ப்ரினேஸ் சட்டையைப் போட்டார். 1980-ல் ப்ரினேஸ் மறுபடி சாம்பியன். 31, 32 வயதில் ஊர் திரும்பியவரின் கதை இத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அவர் ஒரு என்.எச்.எல். அணிக்கு ஐரோப்பிய ஸ்கவுட் ஆகியிருந்தார். எந்த அணி? ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ். கதையில் எழுதினால் "ரொம்ப சினிமாத்தனம்" என்று தள்ளிவிடுவார்கள். ஸ்வீடன்காரன் என்றாலே கோழை என்று அடித்த அணி, ஸ்வீடனில் நல்ல பையன்களைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று அவருக்கே சம்பளம் கொடுத்தது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். என்.எச்.எல்.லில் புதுப் பையன்களை எடுக்க வருஷத்துக்கு ஒரு முறை டிராஃப்ட் நடக்கும். ஏலம் இல்லை, காசு வீசி யாரையும் தூக்க முடியாது. வரிசைப்படி ஒவ்வொரு அணியும் ஒரு பெயர் சொல்லவேண்டும். சொன்னால் அந்தப் பையனின் உரிமை அந்த அணிக்கு. முந்தின சீசனில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்புகள் போகும். பையன்களுக்கு வயது பதினேழு, பதினெட்டு. மீசை சரியாக முளைக்காத ஒருவனைப் பார்த்து, இவன் இருபத்தைந்து வயதில் எப்படி இருப்பான் என்று சொல்லவேண்டும். இன்றைக்கு எவ்வளவு கோல் அடிக்கிறான் என்பது யாருக்கும் தெரிகிற விஷயம், பேப்பரிலேயே வந்துவிடும். பக் தன்னிடம் இல்லாதபோது என்ன செய்கிறான், அடிவாங்கிய அடுத்த நிமிடம் எப்படி ஆடுகிறான், இன்னும் வளர்வானா, அப்பா எவ்வளவு உயரம்... இதெல்லாம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். குளிர்காலம் முழுக்க ஊர் ஊராக, பாதி காலியான மைதானங்களில் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஐரோப்பாவில் இருக்கிற ஸ்கவுட்டுக்கு இன்னொரு கஷ்டம். கனடாப் பையனை அணியில் ஐந்தாறு பேர் பார்த்திருப்பார்கள். ஸ்வீடன் பையனை இவர் நாற்பது முறை பார்த்திருந்தாலும், மேலதிகாரி ஒரு முறை பார்த்திருந்தால் அதிகம். கூட்டத்தில் இவர் வாய்ச்சொல்தான் சாட்சி. அதை நம்பி ஒருவர் தன் வேலையைப் பணயம் வைக்கவேண்டும்.

1991 ஜூன். பஃபலோ நகரில் டிராஃப்ட். எல்லார் வாயிலும் ஒரே பெயர், எரிக் லின்ட்ரோஸ். ஆறடி நான்கு அங்குலக் கனடாப் பையன், தலைமுறைக்கு ஒருவன் என்றார்கள். எதிர்பார்த்தபடி முதல் பெயராக கியூபெக் நார்டிக்ஸ் அவரை எடுத்தது. ஆறாவது வாய்ப்பு ஃபிலடெல்ஃபியாவுக்கு. மேலாளர் ரஸ் ஃபார்வெல் சொன்ன பெயர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்.

யாரது? ஸ்வீடனின் வடக்கே ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற (ஒரு மூச்சில் சொல்லிப் பாருங்கள்) சின்ன ஊர். அங்கே மோடோ என்ற அணி. அதில் ஆடிய 17 வயதுப் பையன். பத்திரிகைகள் வெளியிட்ட பெரும்பாலான பட்டியல்களில் அவன் இவ்வளவு மேலே இல்லை. அதே ஊர், அதே அணி, பத்து நாள் வித்தியாசத்தில் பிறந்த மார்க்கஸ் நேஸ்லண்ட் 16-வது இடத்தில்தான் போனார். ஃபிலடெல்ஃபியா பத்திரிகைகள் ஃபார்வெலைப் போட்டுக் காய்ச்சின. அவர் காதில் இந்தப் பெயரை ஓதியது ஐரோப்பாவில் இருந்த அந்த முட்டைக்காரர்தான்.

இதில் சுவையான விஷயம், ஹம்மர்ஸ்ட்ரோம் தன்னைப் போலவே ஆடுகிற ஒருவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஃபோர்ஸ்பெர்க் வேறு ரகம். தன்னை இடிக்க வருபவனை, அவன் இடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் தான் திரும்பி இடித்துத் தள்ளிவிட்டு, பக்கோடு போய்க்கொண்டே இருப்பவர். அவர் பையில் முட்டை வைத்தால் முட்டை மட்டுமல்ல, கோழியே தப்பாது. அந்தக் கைநளினமும் மூலைச்சண்டையும் ஒரே உடம்பில் இருப்பதைப் பதினேழு வயதிலேயே அடையாளம் காண, வட அமெரிக்காவின் மூலையில் ஆறு வருஷம் அடிவாங்கிய ஒரு ஸ்வீடன்காரரைவிடப் பொருத்தமான ஆள் யார் இருக்க முடியும்? இரண்டு ஊர் அளவுகோலும் அவருக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததுதான் கதையின் வயிற்றெரிச்சல். கியூபெக்குக்கு ஆட மாட்டேன் என்று லின்ட்ரோஸ் அடம்பிடித்தார். ஒரு வருஷம் இழுபறி. 1992 ஜூனில் கியூபெக் அவரை ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று இரண்டு அணிகளுக்கும் விற்றுவிட்டது! (ஒரே மனையை இரண்டு பேருக்குப் பத்திரம் போட்டுக் கொடுக்கிற வித்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை.) நடுவர் தீர்ப்பு வரை போய், ஜூன் 30-ல் ஃபிலடெல்ஃபியாவுக்கே என்று முடிவானது. ஒரு லின்ட்ரோஸுக்காக ஃபிலடெல்ஃபியா கொடுத்த விலையைக் கேளுங்கள். ஸ்டீவ் டுஷேன், ரான் ஹெக்ஸ்டால், கெர்ரி ஹஃப்மன், மைக் ரிச்சி, பிறகு க்ரிஸ் சைமன், இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள், கூடவே ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கம். அந்தப் பட்டியலின் நடுவில் ஒரு வரியாக, இன்னும் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடாத ஃபோர்ஸ்பெர்க்.

கணக்குப்பதிவியலில் ஒரு விதி உண்டு. காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் சொத்தாகக் காட்டலாம், தானே உருவாக்கிய நற்பெயரை ஏட்டில் ஏற்றக் கூடாது. ஃபிலடெல்ஃபியாவின் ஏட்டில் அன்றைக்கு ஃபோர்ஸ்பெர்க்கின் மதிப்பு என்னவாக இருந்திருக்கும்? டிராஃப்டில் ஒரு வாய்ப்பு, ஒரு ஸ்கவுட்டின் சம்பளம், சில குளிர்காலப் பயணச் செலவு. பேரம் பேசுகிற மேசையில் அவ்வளவு மலிவாகத் தெரிகிற ஒன்றைத் தூக்கிக் கொடுப்பது சுலபம்.

1994 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடாவுக்கு எதிரான பெனால்ட்டியில் ஃபோர்ஸ்பெர்க் ஒரு கையால் பக்கைத் தள்ளிக் கோல் அடித்து ஸ்வீடனுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். ஸ்வீடன் அந்தக் காட்சியைத் தபால்தலையாகவே போட்டது. 1995-ல் என்.எச்.எல்.லின் சிறந்த புதுமுகம். அந்த வருஷமே கியூபெக் அணி கொலராடோவுக்கு இடம்பெயர்ந்தது. 1996, 2001 இரண்டு முறை ஸ்டான்லி கோப்பை. 2003-ல் லீகின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர். 2014-ல் ஹால் ஆஃப் ஃபேம். பயன் முழுக்க இன்னொரு ஊருக்கு.

லின்ட்ரோஸும் சோடை போகவில்லை, நியாயமாகச் சொல்லவேண்டும். 1995-ல் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருதை வாங்கினார், 1997-ல் ஃபிலடெல்ஃபியாவை இறுதிச் சுற்று வரை கொண்டுபோனார், அவரும் 2016-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். தலைக்காயங்கள்தான் அவரைக் கெடுத்தன. ஆனால் அவரைக் கண்டுபிடிக்க ஸ்கவுட்டே தேவையில்லை. ஆறடி நான்கு அங்குலத்தை மைதானத்துக்கு வெளியே டிக்கெட் கிழிப்பவரும் பார்த்துச் சொல்லியிருப்பார்.

அந்த முதல் தலைமுறை ஸ்வீடன்காரர்களில் ஹம்மர்ஸ்ட்ரோம் மட்டும் இப்படி ஆகவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். டெட்ராய்டில் ஆடிய டாம்மி பெர்க்மன் பின்னாளில் டொராண்டோவின் ஐரோப்பிய ஸ்கவுட். 1974-ல் வின்னிபெக் போன ஆண்டர்ஸ் ஹெட்பெர்கும் பிற்காலத்தில் என்.எச்.எல். அணிகளின் தேர்வு வேலையில்தான் இருந்தார். வெளியாளாகப் போய், வாசலிலேயே நிறுத்தி சந்தேகமாகப் பார்க்கப்பட்டவர்கள். இன்றைக்கு என்.எச்.எல்.லில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐரோப்பியர்கள். ஸ்வீடன் பையனை முதல் சுற்றில் எடுத்தால் எந்தப் பத்திரிகையும் புருவம் உயர்த்துவதில்லை.

2005-ல் ஃபிலடெல்ஃபியா ஒரு காரியம் செய்தது. 32 வயதாகிவிட்ட, கணுக்காலிலும் பாதத்திலும் தீராத தொல்லையோடு இருந்த ஃபோர்ஸ்பெர்க்கைப் பெரிய சம்பளம் பேசிக் கூட்டிவந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஆறாவது பெயராகச் சொல்லி எடுத்த அதே பையன். பாதத்துக்குப் பொருந்துகிற சறுக்குக்காலணி கிடைக்காமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே ஆடினார். 100 ஆட்டம் ஆடியபின், 2007 பிப்ரவரியில் நாஷ்வில்லுக்கு அனுப்பிவிட்டார்கள்.